பானெட்டில் கை வைத்த ஜெபம்

நீலசந்திரா, பெங்களூரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் ஆண்டனிக்கு, தாஸ் எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும், உன் அக்கா ஞானம்மாளும், நாளைக்கு வீட்டுக்கு வரப்போகிற காரும் சுகம். கோலார் தங்கவயலில் நீயும் உன் மெக்கானிக் பட்டறையும் அவ்வாறே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உன் அக்காவால் சந்து முனைவரைகூட நடக்க முடியவில்லை. மூன்று மாதமாக சர்ச்சுக்குப் போகாமல், ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். ஆட்டோக்காரர்களோ இவ்வளவு பக்கமா என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். எங்கள் வாசலில் ஏறி சர்ச் வாசலில் இறங்க ஒரு பழைய கார் வாங்கலாம் என்று உன்னைக் கேட்டேன். "மாமா, போனதும் இன்ஜின் மேல இருக்கற பானெட்டத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா குறைய மறைக்க முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்றாய். சுரங்கத்தில் ஆளிறக்கும் இன்ஜினை இருபத்தாறு வருடம் ஓட்டியவனுக்கா பாடம் என்று அப்போதே மறந்துவிட்டேன்.

முதல் கார் பிரேசர் டவுனில். சொந்தக்காரர் பத்ரிநாத் தங்கமான மனிதர். "ஒரு வாரமா வண்டிய எடுக்கவே இல்ல சார்" என்றார். ஸ்டார்ட் செய்தார், பூனை மாதிரி உறுமியது, எனக்கு முழுத் திருப்தி. எதை வாங்கினாலும் கை வைத்து ஜெபிப்பது உன் அக்காவின் வழக்கமாயிற்றே, மிக்சியைக்கூட விட்டதில்லை. கண்ணை மூடி பானெட்டில் உள்ளங்கையை வைத்தவள் "ஐயோ ஆண்டவரே!" என்று அலறினாள். அபிஷேகம் இறங்கிவிட்டது என்று நான் "ஆமென்" என்றேன். "ஆமென் என்னாங்க ஆமென், கை வெந்துபோச்சு! ஒரு வாரமா நின்ன வண்டி இப்படி சுடுமா?" என்றாள். அப்போதுதான் உன் பாடம் ஞாபகம் வந்தது. "பரவால்ல சார், ஆறட்டும், நாங்க உக்காந்துக்கறோம்" என்று அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். காபி வந்தது, பிறகு வேறு வழியில்லாமல் தயிர்சாதமும் வந்தது. நாலு மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் லொட லொட சத்தம், இருமல், பின்னால் நீலப் புகை. ஆயில் எரிகிறது என்று எனக்கே புரிந்தது. "பேடா சார்" என்று உன் அக்கா கன்னடத்தில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். வேண்டாம் என்பதைத் தமிழில் சொல்ல, சாப்பிட்ட வாய்க்குக் கூச்சமாம்.

அடுத்தது தொம்மலூரில், ஜோவிதா என்கிற டீச்சருடைய கார். பானெட் ஜில்லென்று இருந்தது. நீ சொன்னபடி ஆயில் மூடியைக் கழற்றினேன், ஆயிலில் தண்ணீர் கலந்தால் படியும் என்றாயே, அந்த வெள்ளைப் பிசுக்கு இல்லை. முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது, புகை இல்லை, ஒழுகல் இல்லை. ஜெபமும் சூடுபடாமல் முடிந்தது, விலையும் படிந்தது. மச்சான், நீ இல்லையென்றால் அந்தப் புகைவண்டியை வாங்கிக்கொண்டு தெருவில் நின்றிருப்போம். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் ஞானம் சர்ச்சில் உட்காருவாள் என்றால் அது உன்னால்தான். நீ நன்றாயிருக்க வேண்டும்.

ஹெலனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள். பெங்களூரில் உள்ள கெட்ட இன்ஜின்கள் எல்லாம் உன் பட்டறையைத் தேடி வர ஆசீர்வதிக்கும்,
உன் மாமா தாஸ்

பி.கு.: இன்று சனிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. கார் வந்துவிட்டது, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆட்டோ நுழைகிற சந்தில் கார் நுழையாதா என்று இருந்துவிட்டேன், நுழையவில்லை. போதகர் மனமிரங்கி சர்ச் வளாகத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். உன் அக்கா காரில் ஏற வேண்டுமென்றால், முதலில் சர்ச்சுக்குப் போக வேண்டும்.