பேச்சித்தாய் கேட்ட வட்டிக் கணக்கு

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்பு மைத்துனன் ராம்சங்கருக்கு,

அத்தான் சிவராமலிங்கம் எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அக்காளும் இங்கு சுகம். சிவகிரியில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போன ஆடித்தபசு முடிந்த கையோடு செத்துப்போன தேரடிக் கருப்பட்டிக் காப்பி வண்டி பேச்சித்தாயும் சுகமாகத்தான் இருக்கிறாள் போலிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் அக்காள் ஒட்டுக்கேட்பாள்.

எங்கள் வீட்டு முன்அறையில் செவ்வாய்தோறும் பெண்கள் கடன்குழு கூடுவது உனக்குத் தெரியும். இடமும் பாயும் கொடுப்பது உன் அக்காளின் தாராளம், அதன் சத்தத்தைச் சகிப்பது என் தலையெழுத்து. வசூலுக்கு வருகிற வீரபாண்டி முதலில் பெயர் வாசிப்பான். ஒருத்தி தவணை குறைந்தாலும் மற்றவர்கள் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. செத்தவள் பெயரை அடிக்க மேலிடத்து உத்தரவு வேண்டுமாம், அதனால் பேச்சித்தாய் பெயரையும் வாரம் தவறாமல் வாசிக்கிறான், அவள் மகள் தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டு "உள்ளேன் சார்" என்கிறாள், கம்மலை விற்றுக் கட்டுகிறாள். விற்கக் கம்மலும் இல்லாமல் போனதால், இன்று கட்டாவிட்டால் அம்மாவின் காப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியிருந்தான். அந்த வண்டிதான் அந்தப் பிள்ளைக்குச் சோறு.

நான் உள்ளறையில் பேப்பரோடு இருந்தேன். வீரபாண்டி "பேச்சித்தாய்" என்று வாசித்தான். தேன்மொழி வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து "வந்திருக்கேன் சார்" என்று ஒரு குரல். அச்சு அசல் பேச்சித்தாய்.

"மாசம் நூத்துக்கு ரெண்டு வட்டின்னு சொன்னிய. கட்டக் கட்ட முதலு குறையுதுல்லா? வட்டி மட்டும் ஏன் சார் குறையல?" என்றது குரல். வீரபாண்டிக்கு வேர்த்து ஊற்றியது. "அது... முழுத்தொகைக்கும் போட்ட வட்டிம்மா. குறையுத முதலுக்குப் பாத்தா சொன்ன வட்டி ஏறக்கொறைய ரெட்டிப்பா வரும்" என்றான். "அத எழுதித் தமிழ்ல ஒரு தாள் தரணும்லா?" "தரணும்மா." "கடன் தரும்போதே கொஞ்சம் பிடிச்சியளே, எதுக்கு?" "இன்சூரன்சுக்கு. கடன் வாங்கினவங்க செத்துட்டா மிச்சம் கட்ட வேண்டாம்." "நான் செத்து எம்புட்டு நாளாச்சு சார்?"

உயிரோடு இருந்தவரை அவளுக்கு யாரும் சொல்லாத கணக்கு, பார், செத்தபிறகு மரியாதையோடு சொல்லப்பட்டது. "ஏம்ல இத முன்னாலயே சொல்லல?" என்று தேன்மொழி எழுந்து நின்று கத்தினாள். "யாரும் கேக்கலையே" என்றான். இன்சூரன்ஸ் விண்ணப்பத்தை அங்கேயே பூர்த்திசெய்து, செத்தபிறகு வாங்கிய தவணையெல்லாம் திரும்ப வரும் என்று கையெழுத்தும் போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். வண்டி பிழைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

ஆனால் தாலுகா ஆபீசில் தலை நரைத்தவனை ஏமாற்ற முடியுமா? பேசியது உன் அக்காள்தான். கல்யாணமான புதிதில் என் அம்மா குரலில் பேசியே என்னைக் காய்கறி வாங்க விரட்டியவள் அல்லவா! "ஏட்டி, போதும் ஒன் நாடகம்" என்று அடுப்படிப் பக்கம் கத்தினேன். பதிலுக்குச் சிரிப்புதான் வந்தது. சற்று நேரத்தில் கதவிடுக்கு வழியாக வளையல் கை ஒன்று ஒரு டம்ளர் காப்பியை நீட்டியது. கருப்பட்டிக் காப்பி! எனக்குச் சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து உன் அக்காள் இனிப்பைக் கண்ணில் காட்டியதில்லை. வாயை அடைக்கத் தந்த லஞ்சம் என்று புரிந்துகொண்டு குடித்தேன். இருந்தாலும் இது வம்பில் முடியும். பாங்கியில் வேலை பார்த்தவன் நீ, தம்பி என்ற முறையில் அவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. தங்கச்சியை மலைச்சாரலில் நனைந்து நிற்காமல் இருக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சிவராமலிங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் வீட்டுப் போனிலிருந்து உன் அக்காள் கூப்பிட்டாள். காலையிலேயே சிவகிரி பஸ் ஏறிவிட்டாளாம், சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாளாம், பேப்பருக்குள்ளிருந்து நான் "ம்" என்றேனாம். ஆகவே மேலே எழுதியது எதையும் அவளிடம் கேட்காதே. கடிதம் சேரும்போதும் அவள் அங்கேயே இருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பு. அடுப்படியிலிருந்து "இன்னொரு காப்பி போடட்டா அண்ணாச்சி?" என்று கேட்கிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.