கன்னியாகுமரிக்குப் புறப்பட்ட மோட்டார் சைக்கிள்

இந்தக் கோடை விடுமுறையில் கன்னியாகுமரிக்குப் போவது என்று முடிவு செய்தேன். தனியாக. அதுவும் மோட்டார் சைக்கிளில்.

காரணம் இருக்கிறது. நான் திண்டுக்கல்லில் பூகோள வாத்தியார். பதினாலு வருஷமாகக் கரும்பலகையில் கன்னியாகுமரியை வரைகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது நம் ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, எல்லைக் கோட்டை அழித்து மாற்றிப் போட்டவனும் நானே. ஆனால் தெற்கே நான் போன கடைசி ஊர் மதுரை. விடுமுறைக்கு முன்னால் வகுப்பைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், "செபஸ்தியான், நீர் கன்னியாகுமரியைப் பார்த்திருக்கிறீரா?" என்று கேட்டார். "படத்தில் பார்த்திருக்கிறேன் சார்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

அன்று சாயங்காலமே அல்போன்சாவிடம் முடிவை அறிவித்தேன். அல்போன்சா என் மனைவி. பிரசவம் பார்க்கும் நர்ஸ். திண்டுக்கல்லைச் சுற்றி இருபது மைலுக்குள் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு முதல் அடி அவள் கொடுத்ததுதான். மீதி அடிகள் எனக்கு.

"தனியா போறேன். மோட்டார் சைக்கிள்ல போறேன். யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றேன்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. மார்க்கெட்டுக்குப் போவதற்கே மூன்று கேள்வி கேட்கிறவள், நூற்றுத் தொண்ணூறு மைலுக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

பேகம்பூரில் ஜமால் முகமது மெக்கானிக்கிடம் இரண்டு பழைய வண்டிகள் இருந்தன. ஒன்று மெலிந்தது, சிவப்பு, பார்த்தாலே பறக்கும். இன்னொன்று பட்டாளத்தில் ஓடி ஓய்ந்தது, பச்சை, எருமை மாதிரி நின்றது. என் கை சிவப்பை நோக்கிப் போனது.

"சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று கூடவே வந்திருந்த அல்போன்சா, "ஏண்ணே, தூரத்துக்கு எது நல்லது?" என்று கேட்டாள்.

"பச்சைதான் நர்சம்மா. மெதுவாப் போகும். ஆனா போய்ச் சேரும்."

"சிவப்பு?"

"வேகமாப் போகும். எங்க போகும்னு சொல்ல முடியாது."

எருமையை வாங்கினேன்.

வெள்ளோட்டமாகச் சின்னாளப்பட்டி வரை போய்வந்தேன். போக ஏழு மைல், வர ஏழு மைல். வீட்டு வாசலில் இறங்கியபோது உடம்பு இறங்கியது, இடுப்பு வண்டியிலேயே இருந்தது. அல்போன்சா தைலம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"சீட்டு கல்லு மாதிரி இருக்கு போல. இலவம்பஞ்சு வச்சு, அடியில ஸ்பிரிங்கு போட்டா என்ன?"

"நானே அதைத்தான் யோசிச்சேன்" என்றேன். யோசிக்கவில்லை.

"ஹாண்டிலை எட்டிப் பிடிக்கிறதாலதான் தோள்பட்டை வலிக்குது. அதைச் செத்த கிட்டக்க வளைக்கச் சொல்லுங்க."

"அதுவும் என் திட்டத்துல இருக்கு."

"செயினுக்கு ஒரு மூடி போடணும். துணி மாட்டிக்கிரும்."

"நான் பேன்ட்டு போடுவேன்டி."

"எப்பவும் போடுவீகளா?"

மூடிக்கும் தலையாட்டினேன். அடுத்த நாள் பெரிய குண்டாகப் போட்டாள்.

"சாமான் எதுல வைப்பீக?"

"முதுகுல ஒரு பை."

"நூத்தித் தொண்ணூறு மைலுக்கா? முதுகு என்னத்துக்கு ஆகும்? ஜமாலண்ணன்கிட்ட ஒரு சைடுகார் கிடக்குதாம். பக்கத்துல மாட்டிட்டா சாமானும் ஆச்சு, வண்டியும் சாயாது."

சாயாது என்ற வார்த்தையில் நான் சாய்ந்தேன். சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் காயப்போட்டிருந்த பாவு நூலுக்குள் நான் சாய்ந்த கதையை அவளிடம் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்துப் பரீட்சைத் தாள் திருத்த என்னைப் பதினைந்து நாள் மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். "நீங்க கவலைப்படாமப் போங்க. வண்டி வேலையை நான் நின்னு பாத்துக்கிறேன்" என்றாள் அல்போன்சா. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று மதுரையில் சக வாத்தியார்களிடம் பெருமை அடித்தேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை புறப்பாடு. தலையில் தோல் தொப்பி, கண்ணில் காற்றுக் கண்ணாடி, நெஞ்சில் ஜெபமாலை. ஜமால் முகமது தார்ப்பாயை விலக்கினார். எருமை காமதேனுவாகியிருந்தது. சைடுகாருக்குள் மெத்தை. மெத்தைக்குப் பின்னால் சாய்மானம். காலடியில் திண்டு. மேலே வெயிலுக்கு மடக்குக் கூரை. அடியில் ஜீப்பு ஸ்பிரிங்கு.

"சாமானுக்கு எதுக்குடி சாய்மானம்?"

"ஊறுகாய் ஜாடி இருக்குல்ல. குலுங்கக் கூடாது."

சரிதானே என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. ஹாண்டில் வயிற்றைக் குத்தியது. நான் ஆறடி. அந்தச் சீட்டு ஐந்தடிக்குக் குறைந்தவர்களுக்கு.

"யாருய்யா இதுக்கு அளவு எடுத்தது?" என்று கத்தினேன்.

"நர்சம்மாதான் உக்காந்து அளவு குடுத்தாங்க" என்றார் ஜமால்.

"நீங்க ஊர்ல இல்ல. யாராச்சும் உக்காரணும்ல?" என்றாள் அல்போன்சா.

அதற்குள் ஒரு ஆள் தெருவில் ஓடிவந்தான். குஜிலியம்பாறைக்குப் பக்கத்து ஊர். பெயர் மூக்கையா. வியர்வையில் நனைந்திருந்தான்.

"நர்சம்மா! எம் பொஞ்சாதி ஜக்கம்மாளுக்கு நேத்திலருந்து வலி. பிள்ளை குறுக்க கெடக்குன்னு சொல்றாங்க. காலை பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன். திரும்பிப் போக மத்தியானந்தான் பஸ்ஸு."

அல்போன்சாவின் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் மருந்துப் பையை எடுத்துவந்தாள். நானும் மனிதன்தானே. கன்னியாகுமரி எங்கே போகப்போகிறது? "சைடுகார்ல ஏறு. நான் கொண்டுபோய் விடுறேன்" என்றேன். உதைத்தேன். முழங்கால் ஹாண்டிலில் இடித்ததுதான் மிச்சம்.

"இறங்குங்க" என்றாள்.

இறங்கினேன். சேலையை இழுத்துச் செருகினாள். ஏறி உட்கார்ந்தாள். ஒரே உதை. எருமை சிங்கமாக உறுமியது.

"அல்போன்சா! உனக்கு... உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஜமாலண்ணன் சம்சாரம் நஜ்முன்னிசாவுக்கு ரெட்டைப் பிள்ளை பாத்தேன்ல. அண்ணன் கோட்டைக்குளத்துக்கிட்ட கத்துக் குடுத்தாரு. நீங்க ஸ்கூலுக்குப் போன நேரத்துல."

"லைசென்ஸு?"

"பைக்குள்ள இருக்கு. பேசாம ஏறுங்க, நேரமாவுது."

சைடுகாரில் ஏறினேன். மருந்துப் பை என் மடியில். பின்சீட்டில் மூக்கையா தொற்றிக்கொண்டான். உண்மையைச் சொல்லவேண்டும். இடுப்புக்கு அப்படி ஒரு சுகம். குழி எது, மேடு எது என்றே தெரியவில்லை. இந்தச் சுகத்தோடு ஒரே பகலில் கன்னியாகுமரி போயிருக்கலாம். வண்டிதான் வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் கூட்டம் கூடிவிட்டது. மூக்கையாவின் தாய் மாயக்காள் முன்னால் வந்தாள். ஓட்டிவந்த நர்சைப் பார்த்தாள். மெத்தையில் சாய்ந்து, தொப்பியும் கண்ணாடியுமாகக் கிடந்த என்னைப் பார்த்தாள்.

"பாவம், இந்த அய்யாவுக்கு என்ன நோவு? ஏ, ரெண்டு பேரு பிடிச்சு மெதுவா எறக்குங்கப்பா!"

இறக்கினார்கள். ஒரு புண்ணியவான் சுக்குத் தண்ணீர் கொடுத்தான். குடித்தேன்.

அல்போன்சா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்தாள். "இங்க வச்சுப் பாக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இப்பவே."

ஜக்கம்மாளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வலியில் முகம் வெளுத்துப்போயிருந்தது. மெத்தையில் கிடத்தினார்கள். சாய்மானம் முதுகுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. திண்டு காலைத் தாங்கியது. கூரையை இழுத்துவிட்டதும் முகத்தில் வெயில் விழவில்லை. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"ஏண்டி, இதுதான் உன் ஊறுகாய் ஜாடியா?"

"மாங்காய் கேக்குறவுகதானே" என்றாள்.

பின்சீட்டில் மாயக்காள். எனக்கு இடம் இல்லை. மூக்கையாவும் நானும் புளியமரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றோம். "போன வருசம் இப்பிடித்தான் சார். மாட்டுவண்டியில ஏத்திக்கிட்டுப் போனோம். பாதி வழிலயே பிள்ளை போயிருச்சு" என்றான். அதற்கு ஆறுதல் எந்தப் பூகோளப் புத்தகத்திலும் இல்லை. என் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பஸ் ஆடி அசைந்து வந்த வேகத்துக்கு அந்தச் சிவப்பு வண்டியையே வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் அல்போன்சா நின்றுகொண்டிருந்தாள். சேலை முழுக்கப் புழுதி. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்."

மூக்கையா தடாலென்று விழுந்து கும்பிட்டான். அவளை இல்லை, வண்டியை. கும்பிட்ட வேகத்தில் என் காலையும் தொட்டுவிட்டு, "நல்ல வண்டியா வாங்குனீக சார்" என்றான். கண்ணாடிக்குள் தூசி விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டேன்.

நான் போக நினைத்தது கன்னி வீட்டுக்கு. வண்டி போனதெல்லாம் கர்ப்பிணி வீட்டுக்கு. அந்த வாரம் மட்டும் மூன்று நடை. விடுமுறை முடிய எட்டே நாள் இருக்கும்போது, அல்போன்சா சாப்பிட்டு முடித்துச் சாந்தமாக இருந்த நேரமாகப் பார்த்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"வண்டி ஒரு மூணு நாளைக்குக் கிடைக்குமா?"

அவள் பிரசவ நோட்டை எடுத்து விரலை ஓட்டினாள். "வெள்ளிக்கிழமை ஆத்தூர்ல ஒண்ணு. ஞாயித்துக்கிழமை பூசைக்கப்புறம் சின்னாளப்பட்டியில ஒண்ணு. அடுத்த வாரம் நாலு."

"நானும் வரிசையில நிக்கிறேன். என் பேரையும் எழுதிக்கோயேன்."

பென்சிலை நாக்கில் தொட்டு, நோட்டில் 'செபஸ்தியான்' என்று நிதானமாக எழுதினாள். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"எத்தனை மாசம்?"