லொறியில் ஏறிய கடல்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் எதுவானாலும் ஒருநாள் திரும்பிப் போயிருக்கிறது. சுக்கானண்ணை மட்டும் தான் சொன்ன சொல்லிலிருந்து ஒருநாளும் திரும்பியதில்லை. பிழை என்று தெரிந்தாலும் திரும்பமாட்டார். பிழை என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போவார்.

அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டு எனக்கு எழுதிவிடாதீர்கள். எனக்குத் தெரியாது. உள்துறைமுகக் கரையில் படகு எஞ்சின் திருத்துவது அவர் தொழில். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குத் தலைவர், பயிற்றுநர், ஜேர்சி தோய்ப்பவர் எல்லாம் அவரே. பதிவில் கழகத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊர் எங்களைக் ‘கரைப் பொடியள்’ என்றுதான் சொல்லும். நான் அப்போது ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் கோப்புகளுக்கு நடுவே கதிரை தேய்த்துக்கொண்டிருந்தேன். அணியில் கடலுக்குப் போகாத ஒரே ஆள் நான்தான். அதனால் படித்தவன் என்ற கெட்ட பெயரும் எனக்கு இருந்தது.

சுக்கானண்ணையின் வாயிலிருந்து இடது, வலது என்ற சொற்கள் வந்து யாரும் கேட்டதில்லை. எங்கள் மைதானத்தின் ஒரு பக்கக் கோட்டை ஒட்டித் தண்ணீர், மறுபக்கம் வீதி. ஆகவே அவருடைய உலகத்தில் இரண்டே பக்கங்கள்: கடல்பக்கம், கரைப்பக்கம். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

“அண்ணை, மற்ற ஆக்களைப்போல இடது வலது எண்டு சொன்னா என்ன?”

“நீ மற்றப் பக்கம் திரும்பினா இடது வலது மாறிப்போகும். கடல் மாறுமோ?”

அந்தப் பக்கக் கணக்கின் பலனை நான்தான் அனுபவித்தேன். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுமல்லவா? எங்கள் சட்டப்படி கடல்பக்கம் நின்றவன் கடைசிவரை கடல்பக்கம்தான். முதல் பாதியில் நான் வலது பின்காவலன். இரண்டாம் பாதியில் இடது பின்காவலன். என் இடது கால் பந்தைக் கண்டாலே வெட்கப்படும் கால். அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

அந்தப் பருவம் எங்களுக்கு நல்ல அடி. மீன் பட்டால் பாதி அணி கடலில் நிற்கும். மீதி அணி கரையில் நின்று கோல் வாங்கும். ஒருமுறை பொடியள் படகிலிருந்து குதித்து நேரே ஆட்டத்துக்கு ஓடிவந்தார்கள். கை கால் எல்லாம் செதில். எதிரணித் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடுவரிடம் போய் முறையிட்டார். சுக்கானண்ணை நடுவருக்கு முன்னால் போய் நின்றார்.

“மணக்கக் கூடாதெண்டு எந்தச் சட்டத்தில இருக்கு? காட்டுங்கோ. காட்டினா இப்பவே எல்லாரையும் குளிக்க வார்க்கிறன்.”

சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. மணத்துடனேயே விளையாடி, மணத்துடனேயே தோற்றோம்.

கடைசி ஆட்டம் ஒன்று மிச்சமிருந்தபோது லீக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் பட்டறைக்கு வந்தார். மடிப்புக் கலையாத சேர்ட். நல்ல மனிதர்தான்; நல்லது செய்கிறேன் என்று வந்து தொலைத்தார்.

“கடைசியா வாற கழகத்தை லீக்கிலயிருந்து எடுக்கப்போறம். உங்கட பொடியளை ரவுனுக்குள்ள இருக்கிற கழகத்தோட சேர்த்துவிடுங்கோவன். காலுக்கு நல்ல சப்பாத்து, நல்ல மைதானம். அவங்களும் வெல்லுவாங்கள்.”

சுக்கானண்ணை எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுத்தார்.

“எங்கட பொடியள் தோப்பாங்கள் ஐயா. ஆனா தங்கட பேரில தோப்பாங்கள். போட்டு வாங்கோ.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் போன பிறகு சுக்கானண்ணை ஒரே திருகாணியை மூன்று தரம் கழற்றிப் பூட்டியதை நான் பார்த்தேன். அந்தக் கழகத்தைத் தவிர அவருக்கு வேறு வீடு வாசல் இருந்ததாக எனக்குத் தெரியாது. கடைசி ஆட்டத்தைச் சமப்படுத்தினால் போதும். அடிமட்டத்திலிருந்து ஒரு படி ஏறித் தப்பிவிடலாம். தோற்றால் கரைப் பொடியள் என்று ஒரு கழகமே இல்லை.

ஆட்டம் கந்தளாய்ப் பக்கம், வயல்களுக்கு நடுவில். மீன் லொறி ஒன்றில் ஏறிப் போனோம். நல்ல மைதானம், நல்ல புல். ஒரே ஒரு குறை. கடல் இல்லை.

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. விசில் ஊதி, பந்து கிளம்பி, சுக்கானண்ணை வழக்கம்போல் “கடல்பக்கம் அடிடா!” என்று கத்தியபோதுதான் யோசித்தோம். ஆளுக்கொரு திசையில் ஓடினோம். குழம்பாதவன் ஒருவன்தான்: சல்லிக் கரையில் பிறந்து வளர்ந்த சுதன். அவனை எந்தக் காட்டில் கொண்டுபோய் விட்டாலும் கடல் எந்தத் திசையில் இருக்கிறதென்று சரியாகச் சொல்வான். அன்றைக்குக் கடல் இருந்த திசை எங்கள் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால். சொல் தட்டாத பிள்ளை, திரும்பி நின்று ஓங்கி அடித்தான். எங்கள் கோல் கீப்பர் கிண்ணியா நசீர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, பந்து வலைக்குள் போய் விழுந்தது.

“என்னடா செய்தனீ?” என்று நசீர் அலறினான்.

“கடல்பக்கம் எண்டு அவர்தானே சொன்னவர்!”

இடைவேளையில் பெரிய வாக்குவாதம். சுதன் மட்டும் சந்தோஷமாக இருந்தான். “இனிப் பிரச்சினை இல்லை அண்ணை. பக்கம் மாறிட்டம். இப்பக் கடல் அவங்கட கோலுக்குப் பின்னால.”

“அப்ப நான் கரைப்பக்கம் எண்டு சொன்னா? திரும்பவும் எங்கட கோலுக்கோ அடிப்பாய்?”

சுதன் யோசித்துப் பார்த்து, “ஓம்” என்றான்.

நான் போனை எடுத்தேன். “மைதானத்தை வரைபடத்தில பார்த்து...”

“போனிட்டக் கேட்டோ கடலைத் தேடுறது? வை உள்ளுக்க!”

“அப்ப இண்டைக்கு மட்டும் இடது வலது எண்டு சொல்லுங்கோ அண்ணை. கழகம் போகப்போகுது.”

“ஏலாது.” சுக்கானண்ணையின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “லீக்காரருக்காக நான் என்ர கதையை மாத்தமாட்டன். கேளுங்கோடா. இண்டைக்கு நான்தான் கடல். நான் நிக்கிற பக்கம் கடல்பக்கம். விளங்கிச்சோ?”

எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

இரண்டாம் பாதியில் கடல் கோட்டோரமாக மேலும் கீழும் ஓடியது, கத்தியது, சாரத்தை மடித்துக் கட்டியது. நாங்களும் திசை கிடைத்த வேகத்தில் விளையாடினோம். ஆனால் கோல்தான் விழவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், ஓரிடத்தில் நில்லாமல் ஓடிய குற்றத்துக்காக நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டிச் சுக்கானண்ணையை வெளியே அனுப்பினார். கடல் வெளியேற்றப்பட்டது.

போனவர் சும்மா போகவில்லை. மைதானத்தைச் சுற்றிப் போய், எதிர்ப்பக்கத்தில் நின்ற எங்கள் மீன் லொறியின் கூரையில் ஏறிவிட்டார். ஏறிக் கையை விரித்துக் கத்தினார்.

“பொடியள்! கடல் இஞ்சால!”

பந்து என் காலில். ஒரு கணம் எல்லோரும் லொறியைப் பார்த்தோம். அடுத்த கணம் எங்கள் அணி முழுவதும் பக்கம் மாறி ஓடியது. அந்தப் பக்கத்தவன் இந்தப் பக்கம், இந்தப் பக்கத்தவன் அந்தப் பக்கம். எதிரணிக் காவலர்கள் நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக்கூடத் தூக்காமல் லொறியிலிருந்து வந்த சத்தத்தை நோக்கி அடித்தேன். அங்கே சுதன் தன்னந்தனியே நின்றான். அவன் உதைத்த பந்து வளைந்து, கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கோலுக்கு அடித்தானா, ஆளுக்கு அடித்தானா என்று இன்றைக்கும் சொல்லமாட்டான்.

ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதியதும் ஒருவரும் மூலைக்கொடியைப் பார்த்தோ கோலைப் பார்த்தோ ஓடவில்லை. எல்லோரும் லொறிக்கு ஓடினோம். ஆட்டம் பார்க்க வந்திருந்த லீக் பெரியவரும் வியர்த்தபடி வந்து, கையை மேலே நீட்டினார்.

“வாழ்த்துக்கள். அடுத்த வருசமாவது கொஞ்சம் வெல்லப் பாருங்கோ.”

“வெல்லுவமோ தெரியாது ஐயா. ஆனா வருவம். மணத்தோடதான் வருவம்.”

சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தார். ஏறிய வேகத்தில் தெரியாத உயரம் இறங்கும்போதுதான் தெரிந்திருக்கிறது, கூரை விளிம்பில் குந்திவிட்டார். சுதனும் நசீரும் நானும் கையை நீட்டி அவரை வாங்கினோம். ஒரு பருவம் முழுக்க எங்களை அப்படி உருட்டி மிரட்டிய மனிதர் உடம்பில் பாரமே இல்லை. “இறக்குங்கோடா, விசரங்களே!” என்று திட்டினார். இறக்கிவிட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.