கேசரிக்கு அனுமதி கேட்ட கதை

சும்மா கிடைக்கிற புத்திமதியை நான் இதுவரை கேட்டதே கிடையாது. காசு கொடுத்து வாங்கிய புத்திமதியை மீறியதும் கிடையாது. (வியாபாரக் குடும்பம். வாங்கிய சரக்கை வீணாக்கத் தெரியாது.) இந்தக் குணத்தால் நான் என் கல்யாணத்தையே கோட்டைவிடப் பார்த்தேன். பழியைப் போட வேறு யாராவது கிடைப்பார்களா என்று இத்தனை வருடமாகத் தேடிப் பார்க்கிறேன், ஒருவரும் அகப்படவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை. எடை தொண்ணூற்று ஆறு கிலோ. கல்லாவில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். இந்த உடம்பைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை, பூர்வீக நிலத்தின் பட்டா விஷயமாகத் திருச்சுழிக்குப் போகும்வரை.

அங்கே இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், என் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது உங்க தம்பி போட்டோங்களா?"

"நாந்தாங்க. கொஞ்சம் பழசு."

"கொஞ்சம்தானா?" என்றாள் சிரிக்காமல். "புதுசா எடுத்துட்டு வாங்க. இத அனுப்புனா ஆளு வேறன்னு திருப்பி விட்டுருவாக."

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அவள் பெயர் முனீஸ்வரி, ஊர் பரளச்சி என்பதைத் தெரிந்துகொள்ள மேலும் மூன்று தடவை திருச்சுழி பஸ் ஏறினேன். இருப்பிடச் சான்று கேட்டேன், வருமானச் சான்று கேட்டேன், கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல் கடைசியில் முதல் பட்டதாரிச் சான்று கேட்டேன். (நான் பட்டதாரியே இல்லை.) கட்டினால் இவளைத்தான் கட்டுவது, ஆனால் அந்தப் பழைய போட்டோவில் இருக்கிற ஆளாகப் போய்த்தான் பெண் கேட்பது என்று முடிவு செய்தேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் 'இலக்கு ஆலோசகர்' என்று போர்டு தொங்கியது. படிப்போ, வேலையோ, உடம்போ, நாம் நினைத்ததை அடையத் திட்டம் போட்டுக் கொடுத்து, அடையும்வரை பின்னாலேயே நின்று விரட்டுவது கவிதா மேடத்தின் தொழில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"உங்க இலக்கு என்ன?"

"எடை குறைக்கணும் மேடம்."

"எதுக்காக?"

"ஆரோக்கியத்துக்கு."

"வேற ஏதாவது இருக்கா? மனசுல உள்ளத மறைக்காம சொன்னாத்தான் திட்டம் சரியா வரும்."

பரளச்சி என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. முப்பத்தொரு வயசு ஆம்பளை, பெயிண்ட் டப்பா தூக்கிய கை, ஒரு பொம்பளை முன்னால் உட்கார்ந்துகொண்டு காதல் என்று எப்படிச் சொல்வது? "வேற ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். எல்லா வினையும் இந்த ஒரு பொய்யிலிருந்துதான் முளைத்தது.

கட்டணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு மேடம் எழுதிக் கொடுத்தார். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள்தான் சாப்பாடு. சீனி கிடையாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. எதை வாயில் வைப்பதானாலும் முதலில் தட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அவருக்கு அனுப்ப வேண்டும். பச்சைக் குறி வந்தால் தின்னலாம். சிவப்பில் பெருக்கல் குறி வந்தால் தட்டைத் தள்ளிவிட வேண்டும்.

நான் ஒரு பருக்கை தவறவில்லை. கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைக்கூடப் போட்டோ எடுத்தேன். (பெருக்கல் குறி. சாமி கோவித்துக்கொள்ளவில்லை, பூசாரி கோவித்துக்கொண்டார்.) அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏலே, பெத்ததுல இருந்து நான் சொன்ன சொல்ல ஒரு நா கேட்டிருக்கியா? அந்தப் பொம்பள போன்ல ஒரு பெருக்கல் போட்டா எலைய விட்டு எந்திரிச்சிர்ற."

மூன்று மாதத்தில் பதினாலு கிலோ குறைந்தது. பழைய பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. இனித் தாங்காது என்று அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, சொந்தத்தில் ஒருவர் மூலம் பரளச்சிக்குத் தூது விட்டோம். ஜாதகமும் பொருந்தியது. வெள்ளிக்கிழமை நாலரைக்கு எமகண்டம் முடிந்ததும் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். நாலரை என்றதும் எனக்கு மணி மட்டும்தான் தெரிந்தது. நாலு மணிக்கு என் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும் என்பது உறைக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணைப் பிடிக்கவில்லை என்று வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பிடித்திருந்தால் கை நனைப்போம், அதாவது அந்த வீட்டுப் பலகாரத்தைத் தொடுவோம். பிடிக்காவிட்டால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். சத்தமில்லாமல் முடிந்துபோகும். இது எனக்குத் தெரியாததும் அல்ல. அதற்கு முன் இரண்டு வீட்டில் அப்படித் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தவன்தான் நான்.

நானும் அம்மாவும் போய் உட்கார்ந்தோம். முனீஸ்வரியின் அப்பா குருசாமி, மானாவாரியில் மல்லியும் மிளகாயும் போடுகிறவர், அதிகம் பேசாதவர். முனீஸ்வரி காபியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் யாரென்று யோசித்தாள், பிறகு அடையாளம் தெரிந்து லேசாகச் சிரித்தாள். எனக்குச் சொர்க்கம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தட்டு வந்தது. நெய் மிதக்கும் கேசரி, பக்கத்தில் நாலு வாழைக்காய் பஜ்ஜி.

மூன்று மாதப் பழக்கம் யோசிக்க விடவில்லை. போனை எடுத்தேன். தட்டைப் போட்டோ எடுத்தேன். அனுப்பினேன்.

"எடுத்துக்கங்க" என்றார் குருசாமி.

"ஒரு நிமிசங்க."

போட்டோ போகவில்லை. டவர் இல்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். எழுந்து ஜன்னலோரம் போனேன். அப்புறம் வாசலைத் தாண்டி வேப்ப மரத்தடிக்கே போய் நின்றேன். உள்ளே எல்லாரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கேசரிப் பக்கம் கொண்டுபோன கையைப் பாதியில் நிறுத்திவிட்டு, பையன் தொடாமல் நாம் எப்படித் தொடுவது என்று உட்கார்ந்திருந்தாள். மரத்தடியில் பதில் வந்தது. சிவப்புப் பெருக்கல் குறி. கீழே, 'மணி நாலே முக்கால் ஆகப்போகுது. இது என்ன புதுப் பழக்கம்?'

நல்ல பிள்ளையாக உள்ளே வந்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன். "எனக்கு வேண்டாங்க" என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தேன்.

முனீஸ்வரி காபித் தட்டோடு உள்ளே போனாள். குருசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "சந்தோசம். பாத்துப் போயிட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸில் ஏறியபிறகுதான் நான் அம்மாவிடம், "ஏம்மா சட்டுனு கிளம்பிட்டோம்? எப்ப தேதி குறிக்கிறாகளாம்?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "பொண்ணு பொண்ணுன்னு உருகிட்டு, அவுக வீட்டுல போட்டோ எடுத்து எவளுக்கோ அனுப்பி, அவ வேண்டாம்னு சொன்னதும் தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சியே, நீ மனுசனா?"

அப்போதுதான் உறைத்தது. வயிறு வேறு பசித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நியாயமாகப் பார்த்தால் கேசரிக்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

மறுநாள் மாடியேறிப் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க எங்கிட்ட எழுதிக் கொடுத்தது எடை. கல்யாணம்னு எழுதிக் கொடுத்திருந்தா, கேசரிய ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னுங்கன்னு சொல்லியிருப்பேனே. இப்பிடி ஒரு கூமுட்டைய நான் பாத்ததே இல்ல." (கட்டணத்தில் இதுவும் சேர்த்தி.)

திங்கட்கிழமை திருச்சுழியில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் முனீஸ்வரி தலை நிமிராமல், "என்ன சான்று?" என்றாள். நான் மேடம் எழுதிய திட்டத்தாளை நீட்டினேன். இரவு எட்டு மணி: வெந்நீர். பசித்தால் மறுபடியும் வெந்நீர். அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இம்புட்டும் எதுக்கு?"

பின்னால் ஏழு பேர் நின்றார்கள். இந்தத் தடவை வெட்கப்படவில்லை. "நீங்கதாங்க போட்டோவும் ஆளும் ஒண்ணா இல்லன்னு சொன்னீங்க" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் சர்வரே நின்றுபோயிருக்கும். (அது எப்போதும் நிற்பதுதான்.) அப்புறம் சொன்னாள்: "எங்கப்பா காயிதத்த எல்லாம் நம்ப மாட்டாக. அந்த மேடத்தக் கூட்டிட்டு வாங்க. நாலு மணிக்கு மேல வாங்க."

அந்த வாரமே போனோம். நான், அம்மா, சாட்சிக்குக் கவிதா மேடம். குருசாமி முழுக்கதையையும் அசையாமல் கேட்டார்.

"அப்ப சாப்புடாதன்னு சொல்றதுதான் ஒங்களுக்குத் தொழிலு?"

"ஆமாங்கய்யா."

"எங்க ஊர்ல அந்த வேலைய வானமே பாத்துக்கிருது" என்றார். "சரி, இன்னைக்கு அவுக சாப்புடலாமா?"

மேடம் போனை எடுத்தார். என் போனில் பச்சைக் குறி வந்து விழுந்தது. அவர் அதோடு விடாமல், நானும் சாப்பிடுகிறேன் என்று ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். நான் மூன்று தட்டுக் கேசரி தின்றேன். மூன்றாவது தட்டின்போது, "சம்மதம்னு ஒரு வாயிலயே தெரிஞ்சிருச்சு மாப்ளே" என்றார் குருசாமி. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

கல்யாணம் ஆகி ஆறு வருடம் ஆகிறது. மேடத்தின் படிவத்தில் இப்போது முதல் கேள்வி, 'நீங்கள் சொல்லக் கூச்சப்படும் இலக்கு எது?' அது யாரால் வந்தது என்று ஊருக்கே தெரியும். என் மாமனார் வீட்டிலோ, அவர்கள் சொந்தத்தில் எந்தப் பையனுக்குப் பெண் பார்க்கப் போனாலும் என்னை முன்னால் உட்கார வைக்கிறார்கள். நான் கை நனைத்தால்தான் சம்மதமாம். பையனுக்குப் பிடித்திருந்தால் மாமனார் ஜாடை காட்டுவார், நான் தின்ன வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை திருச்சுழியில் என் மைத்துனனுக்குப் பெண் பார்த்தோம். கேசரி வந்தது. மைத்துனன் என்னையே பார்த்தான், கண்ணில் அதே பழைய உருகல். எனக்கு இப்போது தொண்ணூற்று எட்டு கிலோ. அன்று காலைதான் மறுபடி மாடியேறி மேடத்திடம் புதுத் திட்டம் எழுதி வாங்கி வந்திருந்தேன். என் கை தன்னால் போன் இருக்கும் பைக்குப் போனது.

பை காலி. எதிரே முனீஸ்வரி என் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தின்னுங்க" என்றாள். "அவன் பாவம்."