இன்ஜினுக்குள் உண்டியல்

கவனமில்லாதவன் ஒரு பொருளைக் கெடுப்பது சுலபம். கீழே போட்டால் போதும். கவலைப்படுகிறவன் கெடுக்க வேண்டுமானால் நிறைய உழைக்க வேண்டும். நான் உழைப்பாளி. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, இழுத்ததில் திறந்துவிட்டதோ என்று மறுபடியும் இழுப்பேன். (இப்படி இழுத்தே ஒரு நல்ல பூட்டைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.)

பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டதும் இதனால்தான். விடை எழுதுவேன், தப்போ என்று அடிப்பேன், அடித்தது தப்போ என்று திரும்ப எழுதுவேன். மணி அடிக்கும்போது பேப்பரில் அடிபடாமல் இருப்பது என் பெயர் மட்டுமே. அப்புறம் தாம்பரத்தில் ஒரு மொபெட் ஷெட்டில் சேர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெக்கானிக் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்தேன். வீட்டில் பெண் பார்த்தார்கள். அஸ்தினாபுரம் வசந்தா. எனக்குப் பிடித்தது. அவளுக்கும் பிடித்ததாகத் தகவல். அவளுடைய அப்பா ஏகாம்பரம் சாருக்குத்தான் என் எட்டாவது தொண்டையிலேயே நின்றது. குமாஸ்தா உத்தியோகம், எதற்கும் அத்தாட்சி கேட்பார்.

"தம்பி, நம்ம மொபெட்ல கிராங்க் போயிடுச்சு. புதுசு வாங்கிக் குடுத்தா, ஒரு மெக்கானிக் சுத்தியால தட்டித் தட்டியே அதையும் கோணலாக்கிட்டான். இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்கேன். நீங்க போடுங்க. வண்டி ஓடிச்சுன்னா ஞாயித்துக்கிழமை அதுலயே குன்றத்தூர் போய், முருகன்கிட்ட பூ கேட்டு, நாள் குறிச்சுடலாம்."

"ஓடலைன்னா சார்?" (இதைக் கேட்காமல் இருக்கலாம். என்னால் முடியாது.)

"பொண்ணுக்கு அப்படி என்ன வயசாயிடுச்சு?" என்றார்.

கிராங்க் என்பது பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பதைச் சுழற்சியாக மாற்றித் தரும் தண்டு. நடுவில் இரண்டு கனத்த வட்டத் தட்டுகள், அவற்றின் இடையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ராடு. பார்க்க முரட்டு இரும்பு, குணத்தில் கண்ணாடி. சுத்தியால் ஓர் அடி விழுந்தால் தட்டுகள் இம்மியளவு நகரும். அப்புறம் ஜென்மத்துக்கும் வண்டி கடகடவென்று அழும்.

"சுத்தியே படாம போடறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு வழி உண்டு. கிராங்கை ஐஸ் பெட்டியில் வைத்தால் அது சுருங்கும். அது உட்காரும் இன்ஜின் கூட்டைச் சூடு செய்தால் குழி விரியும். இரண்டையும் சேர்த்தால் தானாக இறங்கும். எங்கள் ஷெட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஏகாம்பரம் சார் வீட்டில் இருந்தது. ஆகவே மாமியாராகப் போகிறவரின் சமையலறையில் இன்ஜின் வேலை ஆரம்பமாயிற்று.

"அய்யய்யோ, மாவு வெக்கிற எடத்துல இரும்பா!" என்றார் அந்த அம்மா.

"பிளாஸ்டிக் பைல சுத்தியிருக்கேம்மா. ஒண்ணும் ஆவாது."

ஒன்றும் ஆகாது என்று அவருக்குச் சொன்னேனே தவிர, எனக்கு யார் சொல்வது? உறைந்ததா என்று ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். மூடினேன். மூடியதா என்று திறந்து பார்த்தேன்.

வாசற்படியில் நின்ற வசந்தா முதன்முதலாக என்னிடம் பேசியது அப்போதுதான்: "இப்படித் தொறந்துகினே இருந்தா அது ஐஸ் ஆவாது. நமக்குத்தான் ஜலதோஷம் புடிக்கும்."

குன்றத்தூர் முருகனே, கிராங்குக்கு ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். வாயால் வேண்டியது போதுமா என்ற சந்தேகம் வந்தது. அந்த அம்மாவிடம் கொஞ்சம் துணியும் மஞ்சள் தூளும் வாங்கி, துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாய்க் காசை வைத்துக் காணிக்கையாக முடிந்துவிட்டேன்.

அதை எங்கே வைப்பது? பையில் வைத்தால் விழும். அலமாரியில் வைத்தால் மறக்கும். அப்போதுதான், கூட்டை மூடி முடுக்கும்போது தட்டுகள் இரண்டும் நெருக்கிக்கொள்ளாமல் இருக்க, நடுவில் செருகி, மூடியபின் உருவிவிடும் மரத்துண்டை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. முடிச்சைச் செருகிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. வேலைக்கும் ஆயிற்று, வேண்டுதலுக்கும் ஆயிற்று. (என் வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே புத்திசாலித்தனமான யோசனை என்று அன்று நினைத்தேன்.)

கூட்டின் ஒரு பாதியைத் தோசைக்கல்லில் கவிழ்த்தேன். சூடு போதுமா என்று தெரியாமல் நான் விழித்தபோது, அந்த அம்மாவே தண்ணீரைத் தெளித்துப் பார்த்து, "வார்க்கலாம்" என்றார். பனி படர்ந்த கிராங்கை எடுத்துக் குழிக்கு நேராக வைத்தேன். 'டொக்.' அவ்வளவுதான். தானாக இறங்கிவிட்டது. மறுபாதியையும் சூடு செய்து மூடினேன். அதுவும் 'டொக்.' சுத்தி அதன் பாட்டுக்குப் பையில் கிடந்தது.

"பலே மாப்ளே!" என்றார் ஏகாம்பரம் சார்.

மாப்ளே! அந்தச் சொல் காதுக்குள் நுழைந்ததும் தலைக்குள் இருந்ததெல்லாம் வெளியேறிவிட்டது. ராடு மேலே நின்றது. முடிச்சோ தட்டுகளின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் பத்திரமாக இருந்தது. நான் அதன் தலையில் ஆயிலை ஊற்றி, பிஸ்டனை மாட்டி, இன்ஜினை வண்டியில் ஏற்றினேன். ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி மறுபடி முடுக்கினேன். பிளக்கைப் பற்றிக் கவலைப்பட்டேன், பெட்ரோலைப் பற்றிக் கவலைப்பட்டேன், முகூர்த்தத்தன்று மழை வந்தால் என்ன செய்வது என்றுகூடக் கவலைப்பட்டேன்.

ஏகாம்பரம் சார் தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி ஏறி மிதித்தார். 'டுர்ர்' என்று உயிர் வந்தது. தெருவே பார்த்தது. நாலு வீடு தாண்டியதும் 'கடக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே நின்றது. ஏகாம்பரம் சார் நிற்கவில்லை. அஸ்தினாபுரத்தில் அப்போது வீட்டுக்கு வீடு கட்டட வேலை நடந்த புண்ணியத்தால், எதிர்வீட்டு மணல் குவியலின் மேல் கோபுரத்தில் பொம்மை போல உட்கார்ந்திருந்தார். கையில் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடி மட்டும்.

தெரு மொத்தமும் சூழ்ந்து நிற்க, வாசலிலேயே இன்ஜினைப் பிரித்தேன். கோணிப்போன ராடோடு, கறுத்துப் பிசுபிசுத்த துணி ஒன்று வந்தது. அதிலிருந்து வளைந்துபோன ஒரு ரூபாய் கீழே விழுந்து, உருள முடியாமல் படுத்துக்கொண்டது.

ஏகாம்பரம் சார் காசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன்யா, இன்ஜினுக்குள்ள எதுக்குய்யா உண்டியல்?"

"கிராங்குக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வேண்டிக்கினேன் சார்."

"அதை அதுக்குள்ளயேவா வெச்சு மூடுவ?"

உள்ளேயிருந்து வசந்தாவின் சிரிப்பு கேட்டது. கல்யாணம் கடலில் கரைந்தது என்று ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அப்போது அந்த அம்மா குனிந்து காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முருகனுக்கு முடிஞ்ச காசுங்க. வூட்டுல வெச்சுக்கக் கூடாது. நாளைக்கே போய்ப் போட்டுடணும்."

"கிராங்கே போச்சு, காணிக்கை என்னாத்துக்கு?"

"உங்க கையும் காலும் போவலையே? அதுக்கு."

ஏகாம்பரம் சார் தன் கையையும் காலையும் ஒரு தடவை நீட்டிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோருமாகப் பஸ்ஸில் குன்றத்தூர் போனோம். வளைந்த காசு உண்டியல் வாயில் நுழையாமல் அடம்பிடிக்க, வசந்தா தட்டித் தட்டி உள்ளே தள்ளினாள். வந்தது வந்தோம், பூவும் கேட்டுவிடலாம் என்றார் அந்த அம்மா. சந்நிதியில் மடித்துப் போட்ட இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுக்க வேண்டும்; வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. ஏகாம்பரம் சார் பொட்டலத்துக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். வேறு பூ எதுவும் இல்லை.

அந்தத் தோசைக்கல்லில் ரொம்ப நாளைக்கு ஆயில் வாசனை அடித்தது. எனக்கு 'உண்டியல் மாப்பிள்ளை' என்ற பெயர் இன்னும் அடிக்கிறது. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. நான் கண்விழித்தபோது மாமனார் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்:

"தையல் போடறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை நல்லா பாத்துட்டீங்களா டாக்டர்?"

வசந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். "எனக்காக வேண்டிக்கினியா?"

"வேண்டிக்கினேன். மஞ்சத்துணில காசும் முடிஞ்சாச்சு."

"எங்க அது?"

"வூட்டுல, பீரோ கைப்பிடில. ஆஸ்பத்திரிப் பக்கமே கொண்டு வரக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு."