பெரியண்ணனுக்கு மொட்டை போட்ட ராஜ்ஜியம்

“…அதெல்லாம் கெடக்கட்டும்லே, என்னைய எதுக்கு மொட்டையடிச்சு மடத்துல சேத்துருக்க?”

கேட்டது என் பெரியண்ணன். இடம், சேரன்மகாதேவியில் எங்கள் வீடு. நேரம்தான் சரியில்லை. மறுநாள் அப்பாவின் சொத்துக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு. வாய்க்காலை ஒட்டிய வயல் பெரியண்ணன் பங்குக்கு வரவேண்டியது. “தம்பியே வச்சுக்கிடட்டும்” என்று எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். நகலைப் படித்து அவர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

“எழுத்து பொடிசா இருக்குலே” என்றார். பெரிதாகக் காட்டுகிறேன் பேர்வழி என்று கணினியைத் திறந்தேன். திரையில் வந்ததோ நான் பாதியில் நிறுத்தியிருந்த விளையாட்டு. (இதெல்லாம் என்னை மாதிரி புத்திசாலிகளுக்குத்தான் வாய்க்கும்.)

அதில் நான் சீமையில் கோட்டையும் குதிரையுமாக இருந்த காலத்து ராஜா. ராஜா மண்டையைப் போட்டால் ராஜ்ஜியம் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். எனக்கு மூன்று பையன்கள். சீமைப் பெயர்கள் வாயில் நுழையாததால் எங்கள் மூவர் பெயரையே வைத்திருந்தேன். ராஜ்ஜியம் சிதறாமல் ஒருவனுக்கே போகவேண்டுமென்றால் மற்ற இருவரையும் துறவியாக்கியோ போருக்கு அனுப்பியோ ஒதுக்கியாக வேண்டும். எந்த ஒருவனுக்கு? (அதையும் சொல்ல வேண்டுமா?)

சின்ன அண்ணன் திரையருகே குனிந்தார். “நான் எங்கலே?”

“நீங்க… போர்ல செத்துட்டீகண்ணே.”

“எப்பம்?”

“இன்னைக்குக் காலைலதான்.”

“கல்யாணமாவது பண்ணி வச்சியா?”

“பிள்ள பொறந்தா அதுக்கும் பங்கு போயிருமேன்னு…”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய்க்கால் வயல் வாய்க்காலோடு போவதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

“அண்ணே, இது வெறும் வெளையாட்டுண்ணே!”

“வெளையாட்டுக்கே இம்புட்டு செய்யுதியேலே” என்றார் பெரியண்ணன்.

இன்றும் அவர் போன் செய்தால் “மடத்துலேருந்து பேசுதேன்” என்றுதான் தொடங்குவார். வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் சின்ன அண்ணன், “செத்தவனுக்கு எதுக்குலே பத்திரிகை?” என்பார். அன்று மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியண்ணன் என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “இதுல ஒருத்தன உள்ள தள்ளணும்னா எங்கன அமுக்கணும்?”

காட்டினேன். என் பெயர் கொண்ட இளவரசனைப் பாதாளச் சிறையில் போட்டார். இரும்புக் கதவு சாத்தும் சத்தம் வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு பேனாவை மெல்லத் திறந்து, வயல் எனக்கே என்றிருந்த நகலில் கையெழுத்துப் போட்டார்.