ஐம்பத்தாறு கிலோமீட்டர் காட்டிய கார்

தனியாக இருக்கும் மனிதன் எதையாவது நம்பத் தொடங்கிவிடுவான். சிலர் சாமியாரை நம்புவார்கள். நான் என் காரின் முன்பலகையில் தெரிந்த ஓர் இலக்கத்தை நம்பினேன்.

என் மனைவி சுகந்தி கட்டாரில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. போய் மூன்று வருடம். நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போன காலத்தில், பாவித்த பிளக்-இன் ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினேன். வீட்டில் வயரைச் செருகி சார்ஜ் ஏற்றலாம். சார்ஜ் முடிந்தால் பெற்றோலில் ஓடும். சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதை முன்பலகை காட்டும். வாங்கிய அன்று நாற்பத்தொன்று காட்டியது. இரண்டு மாதத்தில் அது ஐம்பத்தாறாகிவிட்டது.

பழைய பற்றரி எப்படி இளமையாகும் என்று நான் யோசிக்கவில்லை. என் ஓட்டத்தின் திறமை என்று எடுத்துக்கொண்டேன். (அலுவலகத்தில் இரண்டு பேருக்கு வகுப்பும் எடுத்தேன். இப்போது அவர்கள் என்னைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு போகிறார்கள்.)

சுகந்தி ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்து, சாப்பிட்டீங்களோ என்று கேட்பாள். பாணும் பருப்பும் என்று எத்தனை நாள்தான் சொல்வது? அதனால் கிலோமீட்டரைச் சொல்லுவேன். இன்றைக்கு ஐம்பத்துமூன்று, இன்றைக்கு ஐம்பத்தைந்து. அவளும் அங்கே வேலைக் களைப்போடு, அப்படியோ, நல்லம் என்பாள். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்த நாட்களில் பெரும்பாலும் இந்த இலக்கத்தில்தான் நடந்தது.

அவளுடைய அண்ணன் மகள் தாரணிக்குத் திரியாயில் திருமண எழுத்து, அதாவது பதிவு, என்று முடிவாகியது. அத்தைதான் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று தாரணி அடம்பிடித்தாள். சுகந்தி இரண்டு கிழமை லீவில் வந்தாள். வந்த நாள் முதல் வீடு நிறைய ஆட்கள். நான்கு நாளில் அவளோடு நான் தனியாகக் கதைத்தது, அந்தப் பெரிய சூட்கேசை எங்கே வைப்பது என்பது மட்டும்தான்.

எழுத்து பகல் பதினொரு மணிக்கு. திரியாய் எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். பெற்றோல் முள் அடியில் படுத்திருந்தது. வழியில் கொஞ்சம் அடியுங்கோ என்று மச்சான், தாரணியின் அப்பா, போனில் சொன்னார். ஒரு சொட்டும் தேவையில்லை, சத்தமே இல்லாமல் வந்து இறங்குவேன் என்று அவருக்குச் சொன்னேன்.

சுகந்தி பட்டுச்சேலையோடு ஏறினாள். பின்னால் அண்ணன் வீட்டுக்கென்று இரண்டு சூட்கேஸ், கம்பளிகள், ஒரு ரைஸ் குக்கர். ஏறியதும் கண்ணாடியை உயர்த்தி ஏசியைப் போட்டாள். ஐம்பத்தாறு அந்த நிமிடமே நாற்பத்தைந்தானது.

மூன்று வருடம் கழித்து வந்த மனைவியிடம் ஏசியை நிப்பாட்டு என்று எந்த வாயால் சொல்வது? நிலாவெளி தாண்டியதும் ரோட்டு நன்றாக இருந்தது. அவளுக்குக் காட்டுவதற்காக எண்பதில் மிதித்தேன். எதிர்க்காற்று வேறு. நான்கு கிலோமீட்டர் ஓடினால் இலக்கம் ஏழு குறைந்தது. அவள் வெளியே பார்க்கும் நேரமாகப் பார்த்து ஏசியை ஒரு படி குறைத்தேன். அவள் திரும்பி இரண்டு படி கூட்டினாள்.

குச்சவெளியில் பெற்றோல் அடித்திருக்கலாம். மானம் விடவில்லை. அதைக் கடந்து கொஞ்ச தூரத்தில் சார்ஜ் முடிந்தது. இன்ஜின் இருமிக்கொண்டு எழும்பி, இருந்த கடைசிப் பெற்றோலையும் குடித்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத ஓரிடத்தில் நின்றது. நான் சொன்னபடியே சத்தமில்லை.

“இஞ்சாருங்கோ, எவ்வளவு காட்டுது?” என்று கேட்டாள் சுகந்தி.

“ஒண்டும் காட்டேல்ல.”

அண்ணனுக்குப் போன் எடுத்தாள். வாகனங்கள் எல்லாம் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றப் போய்விட்டன, ரோட்டில் வாறதை மறித்து ஏறி வாங்கோ என்றார். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கண்ணாடியை இறக்கினாள். கடல் காற்று வந்தது. ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். தன் அறையின் ஜன்னலைத் திறக்க ஏலாது என்றாள். கதை மெல்ல நின்றது. பார்த்தால் என் தோளில் தலை சாய்ந்திருந்தது.

அப்போதுதான் ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம், பெட்டியை இழுத்துக்கொண்டு தடதடவென்று வந்தது. எங்கள் திசைதான். ஓட்டி வந்தவர் வேகத்தைக் குறைத்து, என்ன என்று தலையால் கேட்டார். நான் தோளை அசைக்காமல், போங்கோ என்று கையைக் காட்டினேன். அவர் போய்விட்டார்.

அடுத்த லாண்ட்மாஸ்டர் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. அந்தச் சத்தத்துக்கு அவள் எழும்பினாள். காரைப் பூட்டிவிட்டு, பெட்டியில் சூட்கேசுகளின் மேல் பட்டுச்சேலையும் நானும் இருந்து, வைக்கோல் தூசியோடு திரியாயில் இறங்கினோம். அத்தை வராமல் பேனையைத் தொடமாட்டேன் என்று தாரணி இருந்திருக்கிறாள். பதிவாளர் மூன்றாவது கப் பாயாசத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுகந்தி தலையில் வைக்கோலோடு கையெழுத்து வைத்தாள். அந்தப் படம் இப்போது மச்சான் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

பிறகு கராஜ்காரரிடம் கொண்டுபோய், கார் பொய் சொல்கிறது என்று முறையிட்டேன். அவர் என் ஓட்டத்தை விசாரித்தார். அலுவலகம், கடை, பின்னேரம் டச்சுபே கடற்கரை, எல்லாம் ரவுணுக்குள் என்றேன். ஏசி போடுவதில்லை. எங்கள் நகர ரோட்டுகளில் எப்போதும் படுத்திருக்கும் மான்களுக்காக முப்பதைத் தாண்டுவதும் இல்லை.

“அது பொய் சொல்லேல்ல ஐயா. கடைசியா நீங்கள் ஓடின ஓட்டத்தை வைச்சுத்தான் அது கணக்குப் போடும். தனியா, மெதுவா ஓடினீங்கள். தனி ஆளுக்கு ஐம்பத்தாறு சரி.”

நான் காரை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த இலக்கம் ஏறிய ஒவ்வொரு நாளும் நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

திரியாயில் இன்றைக்கும் யாராவது ஐந்து நிமிடத்தில் வாறேன் என்றால், இது உண்மைக் கிலோமீட்டரோ, மாமாட கிலோமீட்டரோ என்று தாரணி கேட்பாள். சின்னப் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சுகந்தி திரும்பிப் போய்விட்டாள். போன கிழமை இந்தப் பகிடியை அவளுக்குச் சொன்னேன். சிரித்தாள்.

“அண்டைக்கு முதல் வந்த லாண்ட்மாஸ்டரை நீங்கள் கையைக் காட்டி அனுப்பினதைப் பாத்தனான்” என்றாள்.

“நீர் நித்திரை எல்லோ?”

“இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம் எண்டு நினைச்சன்.”

அதற்குப் பிறகு இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. போனையும் வைக்கவில்லை.